ஹோல் ஃபில்லிங்: பொத்தலடைப்பு

முப்பரிமாண ஸ்கேனர் ஒரு பொருளைப் பதிவு செய்யும்போது கிடைப்பது வழவழப்பான மேற்பரப்பு அல்ல. லட்சக்கணக்கான புள்ளிகளின் திரள். அந்தப் புள்ளித்திரளில் கருவிக்கு எட்டாத இடங்கள் வெறுமையாக நின்றுவிடும். அவற்றைக் கணக்கிட்டு மூடுவதற்குத்தான் ஹோல் ஃபில்லிங் என்று பெயர்.

ஹோல் பழைய ஆங்கிலச் சொல். உள்ளே வெறுமையாக இருப்பதைக் குறிக்கும் ஹாலோவும் அதன் உறவுதான். தமிழில் சட்டென்று 'துளை நிரப்பல்' என்று சொல்லத் தோன்றும். அது சரியாக வராது என்பது என் கருத்து. புல்லாங்குழலில் இருப்பது துளை. அதை அடைத்தால் குழலே கெட்டுப்போகும். பொத்தல் என்பது இருக்க வேண்டியது இல்லாமல் போன இடம். இந்த வேறுபாடு கணினி வரைகலைக்கு உயிர்நாடி.

1999-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் லெவாய் குழு, ஃபுளோரன்ஸில் மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையை லேசரால் ஸ்கேன் செய்தது. இவ்வகைக் கருவியில் லேசர் விழும் இடத்தைக் கேமராவும் பார்த்தாக வேண்டும். சுருள்முடியின் ஆழமான மடிப்புகளில் இரண்டும் ஒருசேர எட்டுவது கடினம். அங்கேதான் பொத்தல் விழும். உடலுக்கும் கைக்கும் நடுவே உள்ள திறப்போ சிற்பி செதுக்கியது. அதை மூடினால் சிலை சிதைந்துவிடும். எது எது என்று எப்படித் தெரியும்? ஒளிக்கதிர் தடையின்றிக் கடந்துபோன வெளியில் கல் இருக்க முடியாது. இந்தத் தடயத்தைக் கொண்டு உண்மையான திறப்பைக் காப்பாற்றலாம்.

அதே குழுவினர் 2002-இல் வெளியிட்ட முறையில், பொத்தலின் ஓரங்களில் உள்ள மேற்பரப்புத் தகவலைச் சுற்றியுள்ள வெளியில் படிப்படியாகப் பரவவிடுவார்கள். எதிரெதிர் ஓரங்களிலிருந்து பரவுவது சந்திக்கும்போது பொத்தல் மூடிக்கொள்ளும். வேறொரு வழி, அதே பொருளில் ஒத்த வடிவமுள்ள பகுதியை எடுத்து ஒட்டுப்போடுவது. மடிப்பும் சொரசொரப்பும் மிகுந்த பரப்புக்கு இதுவே பொருத்தம். வெறுமனே பரப்பினால் அந்த இடம் மழுங்கித் தெரியும்.

இன்னொன்றையும் ஹோல் என்றே சொல்கிறார்கள். புள்ளிகளால் ஆன மாதிரியைத் திரையில் நெருங்கிப் பார்த்தால் புள்ளிகள் விலகி, பின்னால் இருப்பது தெரியும். 2000-இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் வெளிவந்த ஒரு கட்டுரை பரவலாக்கிய 'சர்ஃபெல்' இங்கே உதவுகிறது. சர்ஃபேஸ், எலிமென்ட் இரண்டும் சேர்ந்து பிறந்த சொல். பிக்செலைப் படவணு என்பதுபோல இதைப் பரப்பணு எனலாம். இடம், நிறம், நோக்கும் திசை, அளவு எல்லாம் கொண்ட சிறு வட்டு அது. வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து சந்துகளை மறைத்துவிடும். இங்கே தரவு எதுவும் தொலையவில்லை, அதனால் பொத்தல் என்று சொல்ல வேண்டாம். இடைவெளி என்றாலே போதும்.