கொலுசுப் பட்டறைக்கு எந்தக் கம்ப்யூட்டர் வகுப்பு?

கொலுசுத் தொழிலாளர்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு என்றாலே மவுஸ் பிடிப்பது, பெயிண்டில் வீடு வரைவது என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சான்றிதழும் கொடுப்பார்கள். அடுத்த மாதம் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. பட்டறையில் கம்ப்யூட்டரே இல்லாதபோது எப்படி இருக்கும்?

சேலம் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் பயிற்சி கொடுக்கப் போனால் நான் முதலில் கேட்பது பற்று வரவு நோட்டைத்தான். வியாபாரி வெள்ளியை எடைபோட்டுக் கொடுப்பார், பட்டறைக்காரர் கொலுசாக்கித் திருப்பித் தருவார், சேதாரம் கழித்துக் கூலி. எடை இடித்தால், அதாவது குறைந்தால், பட்டறைக்காரர் தலையில்தான் விழும். வெள்ளி கிலோ 1 லட்சம் ரூபாயைத் தாண்டியபின், 10 கிராம் இடித்தாலே 1,000 ரூபாய்க்கு மேல் போச்சு.

அதனால் முதல் பாடம் போட்டோ. தராசில் வெள்ளி இருக்கும்போதே எடை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, ‘இன்று வாங்கியது’ என்று ஒரு வரியோடு வியாபாரிக்கு அப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். டைப் செய்ய வராதவர்கள் கீபோர்டில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் போதும், எழுத்தாகிவிடும் (எண்களில் சில சமயம் சொதப்பும், பார்த்து அனுப்புங்கள்). தேதி, நேரம், எடை எல்லாம் இரண்டு பேர் போனிலும் இருக்கும். அப்புறம்தான் போனில் கணக்குப் போடும் ஷீட்: தேதி, வாங்கியது, கொடுத்தது, பாக்கி. பாக்கியை அதுவே கழித்துக் காட்டும்போது பெரியவர்கள் நம்புவதில்லை. மனக்கணக்கில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் “சரியாத்தான் வருது” என்பார்கள்.

இளைஞர்கள் டிசைன் சாஃப்ட்வேர் கேட்கிறார்கள். தாராளமாகக் கற்கலாம். எந்த இடத்தில் பற்றவைப்பு நிற்கும் என்று கை அறிந்தவன் வரைகிற டிசைன் தனி.

வீட்டில் உட்கார்ந்து சலங்கை கோர்க்கும் பெண்களிடம் சிக்கல் வேறு. “உங்க நம்பர் சொல்லுங்கக்கா” என்றால், “பையன் நம்பரைப் போட்டுக்கங்க சார்” என்பார்கள். ஆதாரிலும் பேங்கிலும் அதே நம்பர்தான். அமைப்புசாரா தொழிலாளர்களுக்காக 2021-இல் வந்த இ-ஷ்ரம் தளத்தில் நாமே பதிய வேண்டுமென்றால், ஆதாரில் உள்ள நம்பருக்குத்தான் ஓடிபி வரும். பையன் சிம்மை மாற்றிவிட்டால் எல்லாம் நின்றுபோகும். என்னைக் கேட்டால் இவர்களுக்கு வகுப்பைவிட முதலில் வேண்டியது சொந்த சிம். ஆதார் மையத்தில் நம்பரை மாற்றிக்கொண்டு வந்தபின் மற்றதைப் பேசலாம்.

பணம் வாங்கக் கற்றுக்கொடுக்கும் அன்றே ஏமாற்றையும் சொல்லிவிட வேண்டும். யுபிஐ-யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. “ஆர்டருக்கு அட்வான்ஸ் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க” என்று எவராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கும் அரசு தளத்தில் கட்டணம் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். பையன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் அது நாலு கணக்கு மாறியிருக்கும்.