கடையில் ஐந்து விநாடி, பஸ்ஸில் அரை விநாடி

திருகோணமலை நகரத்துக் கடைகள் பலவற்றில் இப்போது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைச் சதுரம் நிற்கிறது. போனை அதற்கு நேரே பிடித்து, தொகையை அடித்து, இரகசிய எண்ணைப் போட்டால் பாணும் பருப்பும் நம்முடையவை. அதே போனோடு நிலாவெளிப் பஸ்ஸில் ஏறினால் கதை வேறு. நடத்துனர் விரலிடுக்கில் தாள்களை நீளவாட்டில் மடித்துச் செருகிக்கொண்டு வருகிறார். ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் முகம் மாறும். "மாத்தின காசு இல்லையா தம்பி?" என்பார். இல்லையென்றால் மிச்சக் காசு இறங்கும்போதுதான், அதுவும் நாம் மறக்காமல் கேட்டால்.

கடைக்கு வந்தது பஸ்ஸுக்கு ஏன் இன்னும் சரியாக வந்து சேரவில்லை? நடத்துனருக்குப் புதுமை பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. அவர் சட்டைப் பையிலும் நல்ல போன்தான் கிடக்கிறது. விஷயம் நேரத்தில் இருக்கிறது. எத்தனை விநாடி காத்திருக்க முடியும் என்பதை வைத்துத்தான் போனால் காசு கொடுக்கும் முறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வந்திருக்கின்றன.

போனால் காசு கொடுக்கும்போது காசு எங்கேயும் நகர்வதில்லை. 'இந்தக் கணக்கில் இவ்வளவு குறை, அந்தக் கணக்கில் இவ்வளவு கூட்டு' என்று ஒரு செய்தி மட்டும் போகிறது. கடைக்காரரும் நாமும் ஒரு மேசைக்கு இரு பக்கமும் நின்றாலும், அந்தச் செய்தி வங்கியின் கணினிக்குப் போய், கணக்கில் காசு இருக்கிறதா என்று பார்க்கப்பட்டு, 'சரி' என்ற பதிலோடு திரும்பி வரவேண்டும். வங்கி இரண்டென்றால் நடுவில் இன்னொரு கணினியும் உண்டு. தூரத்தால் தாமதம் வருகிறது என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகிறது. 250 கிலோமீற்றர் அதற்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூட. நேரத்தைத் தின்பவை போன் கோபுரத்தோடு தொடர்பு பிடிப்பது, வரிசையில் நிற்பது, கணக்குகளைச் சரிபார்ப்பது, பிறகு நாம் இரகசிய எண்ணைத் தேடித் தேடி அடிப்பது.

இந்தச் செய்தியை அனுப்ப நல்ல போன்கூடத் தேவையில்லை என்று உலகத்துக்குக் காட்டியது கென்யா. அங்கே 2007-இல் போன் கணக்கிலிருந்தே காசு அனுப்பும் எம்-பெசா வந்தது. இலங்கையில் 2012-இல் டயலொக் போன் நிறுவனம் ஈசி கேஷ் என்ற அதேபோன்ற சேவையைக் கொண்டுவந்தது. பொத்தான் போனில் #111# என்று அடித்தால் திரையில் ஒரு பட்டியல் வரும். எண்களை அழுத்தி அழுத்திக் காசு அனுப்பலாம். டேட்டா தேவையில்லை. ரீலோட் போடும் கடைக்காரரே காசை வாங்கி நம் போன் கணக்கில் ஏற்றித் தந்துவிடுவார்.

இதன் பின்னால் இருப்பது யு.எஸ்.எஸ்.டி. என்ற பழைய ஏற்பாடு. போனும் கோபுரமும் நாம் பேசாத நேரத்திலும் தங்களுக்குள் சின்னச் சின்ன குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் குறிப்புகள் போகும் தடத்திலேயே ஒரு தடவைக்கு 182 எழுத்து வரை ஏற்றி அனுப்பலாம். அதை அனுப்பும்போது இரு பக்கமும் ஒரு தொடர்பு திறந்தபடி இருக்கும். நாம் யோசித்துக்கொண்டு நின்றால் தொடர்பு தானாக மூடிக்கொள்ளும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். குறுஞ்செய்தி அப்படியல்ல. அது வழியில் ஓர் இடத்தில் சேமிக்கப்பட்டு, எதிர்ப்பக்கத்துப் போன் கிடைக்கும்போதுதான் கொடுக்கப்படும். ஆகவே நம் திரையில் 'செலுத்தியாயிற்று' என்று வந்த பிறகும் கடைக்காரரின் போனுக்குக் குறுஞ்செய்தி வரத் தாமதமாகலாம். நாம் போனைக் காட்டுவோம், அவர் தன் போனைப் பார்ப்பார், பின்னால் நிற்பவர் இருமுவார். ஆரம்பகாலத்து போன் காசு என்றால் பாதி இந்த நிற்பதுதான்.

அப்புறம் வந்தது கியூஆர், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பார்த்த அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரம். வங்கிக்கொரு சதுரம் என்று கடை மேசை நிறையாமல் இருக்க, 2018-இல் மத்திய வங்கி எல்லாருக்கும் பொதுவான ஒரு தரத்தை வகுத்தது, அதுதான் லங்காகியூஆர். சதுரத்தின் கதை அதற்கு மிக முந்தியது. 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், வாகன உதிரிப் பாகங்களை வேகமாக அடையாளம் காண்பதற்காக மசாஹிரோ ஹாராவின் குழு அதை உருவாக்கியது. மூன்று மூலைகளிலும் உள்ள பெரிய கட்டங்களைப் பாருங்கள். அவற்றின் நடுவே எந்தத் திசையில் கோடு இழுத்தாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற அளவில் மாறி மாறி வரும். அச்சிட்ட தாள்களில் மிக அரிதாகத் தென்படும் விகிதம் எது என்று தேடிப் பார்த்து அதைத் தேர்ந்தார்கள். பக்கத்தில் பிஸ்கட் விளம்பரம் ஒட்டியிருந்தாலும் கமரா இந்தச் சதுரத்தை மட்டும் சட்டென்று பிடிப்பது அதனால்தான்.

கடைச் சதுரத்துக்குள் என்ன இருக்கிறது? ஒரு நீண்ட எழுத்து வரிசை. சாதாரண கியூஆர் வாசிப்பானால் படித்தால் முதலில் குப்பை போலத் தெரியும். ஒழுங்கு பிடிபட்டால் சுவாரசியம். முதல் இரண்டு இலக்கம் 'இது என்ன தகவல்' என்கிறது, அடுத்த இரண்டு 'எத்தனை எழுத்து' என்கிறது, பிறகு தகவல் வருகிறது. 5303144 என்று ஓர் இடத்தில் வரும். 53 என்றால் நாணயம், 03 என்றால் மூன்று இலக்கம், 144 என்பது இலங்கை ரூபாயின் சர்வதேச எண். இந்திய ரூபாயாக இருந்தால் 356. 52-இல் கடையின் வகை. பலசரக்குக் கடைக்கு 5411. 59-இல் கடையின் பெயர். 60-இல் ஊர்: 60-க்குப் பிறகு 11, அப்புறம் திருகோணமலையின் ஆங்கிலப் பெயர், எண்ணிப் பார்த்தால் சரியாகப் பதினொரு எழுத்து. தொடக்கத்தில் 010211 என்று இருந்தால் அது எல்லாருக்கும் பொதுவான, தொகை இல்லாத, மாறாத சதுரம். ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாகத் திரையில் வருவதென்றால் 12 என்று முடியும்.

வரிசையின் கடைசியில் நான்கு எழுத்தில் ஒரு சரிபார்ப்பு எண். முன்னால் உள்ளதில் ஓர் எழுத்து மாறினாலும் இது பொருந்தாது. அதற்கும் கீழே ரீட்–சாலமன் என்ற கணிதம் இருக்கிறது. 1960-இல் இருவர் வகுத்த அந்த முறைப்படி, தகவலோடு கூடுதல் எழுத்துகளும் சதுரத்துக்குள் கலந்து வைக்கப்படுகின்றன. நடுத்தர அளவில் வைத்தால் ஏறத்தாழ 15 வீதம் பழுதானாலும் மீட்கலாம். மீன் கடைப் பலகையில் செதிலும் ஈரமும் பட்ட சதுரம் வேலை செய்வது இதனால்தான். வெயில் வேறு விஷயம். கடற்கரைக் கடைகளில் சாயம் முழுவதும் ஒரேயடியாக வெளிறிப் போனால், எது கறுப்பு எது வெள்ளை என்பதே கமராவுக்குத் தெரியாது. அதற்கு எந்தக் கணிதமும் உதவாது. புதுச் சதுரம்தான் ஒட்டவேண்டும்.

இந்தச் சரிபார்ப்பெல்லாம் வாசிப்புத் தவறுக்குத்தான், திருட்டுக்கு அல்ல. ஒருவர் தன் கணக்கின் சதுரத்தை அச்சடித்துக் கடைச் சதுரத்தின் மேல் ஒட்டிவிட்டால் கணிதம் அதையும் 'சரி' என்றே சொல்லும். ஆகவே காசு அனுப்புமுன் திரையில் வரும் கடைப் பெயரை ஒருமுறை பார்ப்பது நம் வேலை. அதேபோல, வாடிக்கையாளர் காட்டும் போன் திரையின் படம் கடைக்காரருக்குச் சாட்சி ஆகாது. நேற்றைய படத்தைக்கூட இன்று காட்டலாம். சாட்சி அவருடைய போனுக்கு வங்கியிலிருந்து நேராக வரும் செய்தி. மேசையில் ஒட்டிய அந்தத் தாளுக்கு எதுவும் தெரியாது. நாம் காசு அனுப்பினோமா என்பதுகூட.

ஆகஸ்ட் விடுமுறைக்கு லண்டனிலிருந்து வரும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? உப்புவெளிக் கடையில் ஐஸ்கிறீம் வாங்கிவிட்டு போனின் முதுகைச் சதுரத்தின் மேல் வைத்து அழுத்துவார்கள். "மாமா, இது ஏன் சத்தம் போடுதில்லை?" அவர்களுக்குப் பழக்கமானது என்.எஃப்.சி., போனைக் கருவிக்குக் கிட்டக் கொண்டுபோய்த் தட்டும் முறை. அங்கே மேசைமேல் இருப்பது மின்சாரம் உள்ள கருவி. இங்கே இருப்பது தாள்.

அந்தக் கருவிக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்னோட்டம் விநாடிக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது, அதாவது 13.56 மெகாஹேட்ஸ். சுற்றிவர ஒரு காந்தப் புலம் துடிக்கும். பக்கத்தில் இன்னொரு சுருளைக் கொண்டுபோனால் அதில் மின்சாரம் பிறக்கும். விஞ்ஞானி பரடே கண்டுபிடித்த அதே விஷயம். பற்றரி இல்லாத வங்கி அட்டைக்கு உயிர் வருவது இப்படித்தான். அட்டை பதில் சொல்லும் விதம் இன்னும் அழகு. அது தனியாக அலை எதையும் அனுப்புவதில்லை. தான் இழுக்கும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டர் போட்டதும் நம் வீட்டு பல்பு மங்குமே, அதுபோல அட்டை இழுக்கும்போது கருவியின் சுருளில் ஒரு சின்ன மாற்றம் தெரியும். மங்கல், வெளிச்சம், மங்கல் என்று விநாடிக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவை. போனும் அட்டை போல நடித்து இதே முறையில் பேசுகிறது. சுருளை விட்டுச் சற்று விலகியதும், தூரம் இரண்டு மடங்கானால் புலம் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பதால் நாலைந்து சென்ரிமீற்றருக்கு அப்பால் பெரும்பாலும் எதுவும் நடக்காது.

பேசுவது என்ன? கருவி தொகையையும், அப்போதே தோன்றிய ஓர் எழுந்தமான எண்ணையும் தரும். போனின் உள்ளே பூட்டி வைத்த இரகசியச் சாவியோடு அவற்றைக் கலந்து ஒரு குறியீட்டைப் போன் திருப்பித் தரும். சாவி வெளியே வராது. அடுத்த தடவை எண் வேறு, குறியீடு வேறு. ஒட்டுக் கேட்டவருக்குப் பயனில்லை. உண்மையான அட்டை எண்ணும் போனில் இருப்பதில்லை. அதற்குப் பதிலாக வேறோர் எண்ணை, ஒரு 'பதில் எண்ணை', வங்கி தருகிறது. 2014 ஒக்டோபரில் வந்த ஆப்பிள் பே இந்தப் பதில் எண் முறையைப் பரவலாக்கியது.

ரயில் நிலையத்தின் நுழைவுக் கதவுக்கு இவ்வளவும் போதாது. கூட்ட நேரத்தில் வங்கியைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. ரோக்கியோவில் 2001-இல் வந்த சுய்கா அட்டைக்குக் கதவு எடுக்கும் நேரம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அங்கே மீதித் தொகை அட்டையின் சில்லுக்குள்ளேயே எழுதியிருக்கும். கதவு அதைக் குறைத்து எழுதிவிட்டுத் திறக்கும், யாரையும் கேட்பதில்லை. 2006-இல் சுய்கா போனுக்குள்ளும் போனது.

லண்டன் வேறு வழியில் போனது. 2012 டிசம்பரில் பஸ்ஸிலும், 2014 செப்டம்பரில் சுரங்க ரயிலிலும் சாதாரண வங்கி அட்டையை ஏற்கத் தொடங்கினார்கள். கணக்கில் காசு இருக்கிறதா என்று கதவு கேட்பதில்லை. அட்டை உண்மையானதா என்று அதன் இலக்கக் கையொப்பத்தைப் பார்க்கிறது. கடன் வைத்த அட்டைகளின் பட்டியலில் இது இருக்கிறதா என்று தன்னிடமுள்ள பிரதியில் பார்க்கிறது. அரை விநாடிக்குள் திறக்கிறது. கட்டணக் கணக்கு நாள் முடிவில். கணக்கில் காசில்லாத ஒருவர் முதல் தடவை ஏமாற்றிவிடலாம். நட்டம் சிறியது, அடுத்த தடவை பட்டியலில் இருப்பார்.

முதலில் பயன்படுத்தியவர்கள் பட்ட பாடும் இந்த ஏற்பாட்டிலிருந்தே வந்தது. பணப்பையில் இரண்டு அட்டை இருந்தால் இரண்டும் சேர்ந்து பதில் சொல்லும். கதவு திறக்காது, அல்லது நினைக்காத அட்டையில் காசு போகும். போனால் தட்டி உள்ளே போய், அதே வங்கிக் கணக்கின் அட்டையால் தட்டி வெளியே வந்தால் இரண்டு அரைகுறைப் பயணங்களாகக் கணக்காகி உச்சக் கட்டணம் வெட்டப்படும். போனில் இருப்பது பதில் எண் அல்லவா, கதவுக்கு அவை இரண்டு வெவ்வேறு ஆட்கள். நடுவழியில் பற்றரி இறந்தாலும் அதே தண்டனை.

சரி, நிலாவெளிப் பஸ்ஸுக்கு வருவோம். கியூஆர் ஒட்டினால் என்ன என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். போனை எடுத்து, செயலியைத் திறந்து, ஆடும் பஸ்ஸில் கமராவைப் பிடித்து, எண்ணை அடித்து, நடத்துனரின் போனுக்குச் செய்தி வரும்வரை ஒருவருக்கு 15 விநாடி என்று தாராளமாக வைத்தாலும் 40 பேருக்கு 10 நிமிடம். அதற்குள் வழியில் உப்புவெளியில் இறங்குபவர் இறங்கிப் போயிருப்பார்.

லண்டன் பஸ் முறையையும் அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. அங்கே எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், ஏறும்போது ஒரு தட்டு போதும். இங்கே தூரத்துக்கேற்ற கட்டணம், இரண்டு வாசல், முழுதாக நிற்காத பஸ்ஸிலிருந்து குதிக்கும் இளைஞர்கள். இறங்கும்போது தட்டு என்றால் யார் தட்டப் போகிறார்கள்? ஆகவே வாசலில் கருவி வைப்பதைவிட நடத்துனர் கையில் வைப்பதே பொருந்தும் என்பது என் எண்ணம். "எங்க இறங்கிறது?" என்று அவர் வழக்கம்போலக் கேட்டு, கட்டணத்தை அழுத்தி நீட்டுவார், நாம் தட்டுவோம். சிக்னல் தேவையில்லை. கருவி சேமித்து வைத்துக்கொண்டு, பஸ் நிலையத்துக்கு வந்ததும் அனுப்பும், புதுப் பட்டியலையும் வாங்கிக்கொள்ளும்.

இதில் மீதியிருக்கும் சிக்கல் காந்தப் புலத்தில் இல்லை. தனியார் பஸ்களில் டீசலும் சாரதியின் சம்பளமும் அன்றைய வசூலிலிருந்தே போகின்றன. தட்டிய காசு நாளைதான் கணக்கில் விழும் என்றால் உரிமையாளர் யோசிப்பார். இரவில் டிப்போவுக்குத் திரும்பி, சம்பளத்தை மாத முடிவில் கொடுக்கும் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸில் இதைத் தொடங்குவது சுலபம்.