சண்டைக்குப் போகாத தளபதி

ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குப் போனால், அக்கா மகனோடு ஒரு போர் விளையாட்டாவது ஆடாமல் மலை இறங்குவதில்லை. போன முறை அவன் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல தளபதியை ஆற்றங்கரையில் முன்வரிசையில் நிறுத்தினான். அந்தத் தளபதிக்குப் படைகளைப் பழக்கும் குணம் இருந்தது. "இவரைப் பின்னாடி இருக்கிற ஊருக்கு அனுப்புடா" என்றேன். "நல்ல ஆளைப் போய் யாராவது சண்டைக்கு வெளியே உட்கார வைப்பாங்களா மாமா?" என்றான். நியாயமான கேள்விதான். அன்று சாயங்காலம் முழுக்க அதற்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த வகை விளையாட்டுகளில் ஒவ்வொரு படைக்கும் அனுபவம் என்று ஓர் எண் இருக்கும். குறி எவ்வளவு தப்பாது, அடி வாங்கியும் எவ்வளவு நேரம் நிற்கும், எப்போது கலைந்து ஓடும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த எண்ணைப் பொறுத்தது. அதை ஏற்றச் சண்டை ஒரு வழி, பயிற்சி இன்னொரு வழி. அமெரிக்க உள்நாட்டுப் போரை வைத்து ஏஜியாட் நிறுவனம் செய்த கணினி விளையாட்டில், பயிற்சி தரும் தளபதியின் கீழ் இருக்கும் கட்டாயச் சேர்ப்புப் படைகள் மெல்ல மெல்ல முறையான படைகளாக மாறும். 2013-இல் வந்த டோட்டல் வார்: ரோம் 2-இல் சாம்பியன் என்ற தனிப் பாத்திரத்தைச் சேனையோடு சேர்த்துவிட்டால், சுற்றுக்குச் சுற்று அந்தச் சேனைக்கு அனுபவம் ஏறும். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-இல் ஒத்திகையால் ஒரு மட்டம் வரைதான் ஏற முடியும். அதற்கு மேலே சண்டை பார்த்தால்தான் உண்டு. ஒத்திகையில் தளவாடமும் தேயும்.

இந்த 'ஒரு மட்டம் வரை' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விளையாட்டுக்கு விளையாட்டு விதி மாறும். ஆனாலும் பயிற்சி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஓர் எளிய கணக்குப் போதும். புதுப்படையின் அனுபவம் 20. பயிற்சியால் தொடக்கூடிய உச்சம் 60. ஒவ்வொரு சுற்றிலும், உச்சத்துக்கு இன்னும் எவ்வளவு பாக்கியோ அதில் பத்தில் ஒரு பங்கு ஏறுகிறது என்று வையுங்கள். முதல் சுற்றில் 4 புள்ளி கூடும். ஏழாவது சுற்றில் 2 புள்ளிதான் கூடும். 7 சுற்று முடிந்ததும் படை 41-இல் நிற்கும், 14 சுற்றில் 51, 21 சுற்றில் கிட்டத்தட்ட 56.

அக்கா வைத்துவிட்டுப் போன காப்பி மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. 1,500 மீட்டர் உயரத்துச் சாயங்காலக் குளிரில் அது முதலில் சடசடவென்று ஆறும், வெதுவெதுப்புக்கு வந்த பிறகு நிதானமாக ஆறும். சுற்றியிருக்கும் காற்றுக்கும் காப்பிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறையக் குறைய, ஆறும் வேகமும் குறையும். நியூட்டன் சொன்ன குளிர்தல் விதி இது. நம் புதுப்படை ஏறுவதும் இதே வளைகோட்டில்தான். காப்பி இறங்குகிறது, படை ஏறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, இதிலிருந்து என்ன செய்வது? பயிற்சித் தளபதியை 21 சுற்றும் ஒரே படையோடு விட்டால் மொத்தம் கிடைப்பது 36 புள்ளி. மூன்று புதுப்படைகளை ஆளுக்கு 7 சுற்று அவரிடம் அனுப்பினால் 21 வீதம் 63 புள்ளி. அதே ஆள், அதே காலம். ஏற்கெனவே தேறிய படையோடு அவரை வைத்திருப்பது பெரும் வீண் என்பது என் தீர்மானமான கருத்து. ஆனால் நம்மில் பலரும் அதைத்தான் செய்கிறோம், நல்ல தளபதியை நல்ல படைக்குத்தான் கொடுக்க மனசு வருகிறது.

"சரி மாமா, அவர் சண்டையில ஜெயிச்சுக் கொடுப்பாரே, அதை விட்டுட்டீங்களே?" என்றான். அதையும் போட்டுப் பார்த்தோம். பிரெடரிக் லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் முதல் உலகப்போர்க் காலத்தில் ஒரு சூத்திரம் எழுதினார். தூரத்திலிருந்து சுட்டுக்கொள்ளும் சண்டையில் ஒரு படையின் பலம், ஆளின் திறமையை ஆள் எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. இரண்டு பக்கமும் 100 பேர், நம் ஆட்களுக்கு இரட்டைத் திறமை என்றால், எதிரி முழுக்க அழியும்போது நம் பக்கம் 71 பேர் மிஞ்சுவார்கள். பிரமாதமான வெற்றி.

இப்போது விழுந்த 29 பேரின் இடத்தை நிரப்ப வேண்டும். மிஞ்சிய 71 பேரின் அனுபவம் 80. நிரப்ப வருகிறவர்கள் 20. சேர்த்துச் சராசரி எடுத்தால் 63-க்குக் கிட்டே வருகிறது. ஜெயித்த படை 17 புள்ளி இறங்கிவிட்டது! சண்டையில் கிடைக்கும் அனுபவம் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் சண்டைக்கு மேல் சண்டை வந்தால் பாலில் தண்ணீர் கலந்துகொண்டே போகிற கதைதான். 1994-இல் வந்த பான்சர் ஜெனரல் என்ற விளையாட்டு இதை நேராகவே வைத்தது: சாதாரண ஆள்களால் நிரப்பினால் செலவு குறைவு, அனுபவம் கரையும். தேர்ந்த ஆள்களால் நிரப்பினால் அனுபவம் நிற்கும், விலை அதிகம்.

அந்த 29 பேரும் பின்னால் 7 சுற்று பழகி 41-இல் வந்திருந்தால் சராசரி 69. ஒரு படைக்கு 6 புள்ளி மிச்சம். சேனையில் பத்துப் படை இருந்து, ஒவ்வொன்றும் நாலைந்து முறை அடி வாங்கினால் அந்த மிச்சம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். முன்வரிசையில் நிற்கும் தளபதி ஒரு சண்டைக்கு உதவுவார். பின்னால் இருப்பவர் எல்லாச் சண்டைக்கும் உதவுவார்.

நிஜப் போரிலும் இது நடந்திருக்கிறது. பசிபிக் போரில் ஜப்பான் தன் தேர்ந்த கடற்படை விமானிகளைச் சாகும்வரை முனையிலேயே வைத்திருந்தது. அமெரிக்கா சண்டை பார்த்த விமானிகள் பலரை ஊருக்கு அழைத்துப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தது. 1944 ஜூனில் பிலிப்பைன் கடலில் மோதியபோது ஜப்பானிய விமானங்கள் நூற்றுக்கணக்கில் விழுந்தன. விமானமும் ரேடாரும் ஒரு காரணம், பழகாத விமானிகள் இன்னொரு பெரிய காரணம். அதற்கும் முன்னால், அமெரிக்க விடுதலைப் போரில், 1778 பிப்ரவரியில் வாஷிங்டனின் வாலி ஃபோர்ஜ் முகாமுக்கு வந்த பிரஷ்யரான ஸ்டூபன், ஆங்கிலம் சரியாகத் தெரியாமலே சுமார் 100 பேரை மட்டும் எடுத்துப் பழக்கினார். அவர்கள் போய் மற்றவர்களைப் பழக்கினார்கள். ஜூன் மாதம் மான்மவுத்தில் வாஷிங்டனின் படை பிரிட்டிஷ் படைக்கு நேருக்கு நேர் ஈடுகொடுத்து நின்றது. அந்த 100 பேர் என்ற எண்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லோரையும் தானே பழக்க அவர் முயலவே இல்லை.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் தறிக்காரர் ஒருவர் புதுப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா விடச் சொல்லிக்கொடுக்கிற நாளில், அவர் தறியில் சேலை ஒரு முழம்கூட வளராது. கூலியும் அன்றைக்கு அவ்வளவுதான். விளையாட்டிலும் பயிற்சித் தளபதி இல்லாத முனை சில சுற்றுகளுக்கு மெலிந்துதான் இருக்கும். அந்தச் சுற்றுகளைத் தாங்க ஆறோ மலையோ கோட்டையோ முன்னால் இருக்க வேண்டும். தலைநகருக்கு நாலு கட்டம் தள்ளி எதிரி நிற்கும்போது பள்ளிக்கூடம் நடத்த முடியாது.

மருமகன் தளபதியைப் பின்வாங்கினான். ஆற்றுப் பாலத்தை உடைத்துவிட்டு, இரண்டு பழைய படைகளைக் கரையில் நிறுத்தினான். மூன்று புதுப்படைகளை ஊருக்குள் கொண்டுவந்தான். ஐந்தாவது சுற்றில் எதிரி ஆற்றைக் கடக்க ஆரம்பித்தான், அதாவது நான். முதலில் பழகத் தொடங்கிய புதுப்படை அப்போது 36-இல் இருந்தது. "இன்னும் ரெண்டு சுற்று விடலாமா, இப்பவே இறக்கிடலாமா மாமா?" என்று கேட்டான். எதிரியிடமே கேட்கிறாயே என்று சொல்லிவிட்டு, இரண்டு சுற்றில் அவன் பெறப்போவது 5 புள்ளிக்கும் குறைவு என்று தாளில் காட்டினேன். கரையில் நின்ற பழைய படைகள் இரண்டு சுற்றில் எவ்வளவு இழக்கும் என்பதை அவனே கணக்குப் போட ஆரம்பித்தான்.