வேக்: காற்றாலை விழித்திருக்கிறதா?

பெங்களூரில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தமிழ்க் கையேடு சரிபார்க்க வந்தது. காற்றாலைப் பராமரிப்பு ஆட்களுக்கானது. 'முன்னால் உள்ள காற்றாலையின் விழிப்பில் பின்னால் உள்ளது மின்சாரம் இழக்கும்' என்று ஒரு வரி. பக்கத்து மேசை நாகர்கோவில்காரர் எட்டிப் பார்த்தார். "அப்போ காத்தாடி உறங்கிட்டா நஷ்டமே இல்லியா அண்ணே?"

ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'வேக்' (wake); அதைத்தான் 'விழிப்பு' ஆக்கியிருந்தார்கள். ஆங்கிலத்தில் 'வேக்' இரண்டு உண்டு. தூக்கம் கலைவதும், இறந்தவர் அருகே கண்விழித்திருப்பதும் ஒன்று. மற்றது ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின் பழஞ்சொல்லிலிருந்து வந்தது: உறைந்த நீரில் பனிக்கட்டி விலகிய திறப்பு. கப்பல் போன பின் நீரில் தெரியும் தடத்துக்கு அந்தச் சொல் நின்றது. அப்புறம் காற்றுக்கும் வந்தது. காற்றாலை காற்றின் ஆற்றலை எடுத்துக்கொள்வதால் அதன் பின்னே காற்று வேகம் குறைந்து, கலங்கி, விரிந்துகொண்டே போகும். அந்தப் பகுதிதான் வேக். வேகம் 10 சதவீதம் குறைந்தால் கிடைக்கக்கூடிய ஆற்றல் 27 சதவீதம் போய்விடும். அதனால்தான் காற்று வீசும் திசையில் இரண்டு காற்றாலைகளுக்கு நடுவே விசிறி விட்டத்தைப் போலப் பல மடங்கு இடம் விடுகிறார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? பள்ளியில் படித்த 'மழை மறைவுப் பிரதேசம்' போல 'காற்று மறைவு' என்றார் அந்த நாகர்கோவில் நண்பர். அழகுதான். ஆனால் ஒரு மெழுகுவத்தியைப் பாட்டிலுக்குப் பின்னால் ஏற்றி, முன்னாலிருந்து ஊதிப் பாருங்கள்; அணைந்துவிடும். பாட்டிலுக்குப் பதில் அட்டைப் புத்தகத்தை நிறுத்தினால் சுடர் புத்தகத்தை நோக்கியே சாயும். மறைவு என்றால் அமைதி என்று நினைப்போம். அங்கே காற்று திரும்பிச் சுழல்கிறது. 'பின்சுழல்' என்றாலோ சுழல் மட்டும்தான் வருகிறது, வேகக் குறைவு விடுபடுகிறது.

என் ஓட்டு 'பின்தடம்' என்பதற்கு. பனிக்கட்டி விலகிய வழி என்ற ஆதி அர்த்தமும் இதில் தங்குகிறது. 'பின்தட இழப்பு', 'பின்தட விரிவு' என்று சிக்கலில்லாமல் நீளவும் செய்கிறது.

விரிவு முக்கியம். ஆட்டோக்காரர்கள் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் 14 அடிக்கு 9 அடி சோதனை அறை கொண்ட காற்றுச் சுரங்கம் இருக்கிறது. (சுரங்கம் என்கிறோம், எதையும் தோண்டவில்லை; மாதிரிகள் மேல் காற்றை ஓட்டிப் பார்க்கும் பெரிய குழாய்தான்.) அந்த அளவு அறையில் 1 மீட்டர் விட்ட மாதிரி விசிறியை வைத்தால், அது சுழலும் வட்டம் அறையின் குறுக்குப் பரப்பில் ஒரு சிறு பங்கை அடைக்கும். சுவர் இருப்பதால் பின்தடம் வெளியில் போல விரிய முடியாது. சுற்றியுள்ள காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். மாதிரி, திறந்தவெளியில் தருவதைவிடக் கூடுதல் ஆற்றல் காட்டும். கணக்கில் திருத்திக்கொள்ள வேண்டும். இந்த அடைப்புக்கு 'பிளாக்கேஜ்' என்பார்கள். அதற்குப் புதுச் சொல் தேட வேண்டாம், சாக்கடைக்குச் சொல்லும் 'அடைப்பு' போதும்.

கையேட்டில் விழிப்பை அடித்துவிட்டுப் பின்தடம் என்று எழுதி அனுப்பினோம். நண்பர் மட்டும் ஓரத்தில் பென்சிலால் 'காத்து மறைவு' என்று குறித்து வைத்தார், ஊர் ஆட்களுக்காக.