‘பெடல் போர்ட்’ என்பது துடுப்புப் பலகையே

துடுப்புப் பலகை: ஆள் நின்றபடி, ஒற்றை அலகு (நீரில் ஊன்றும் தட்டை முனை) உள்ள நீளத் துடுப்பால் நீரைத் தள்ளிச் செல்லும் அகன்ற மிதக்கும் பலகை. அதில் செல்வது நின்று துடுப்பிடல். பேச்சு வழக்கில் பேடல் போர்ட், ‘ஸ்டாண்ட் அப் பேடல்’ என்பதன் சுருக்கமாக ‘சப்’.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் இதைப் ‘பெடல் போர்ட்’ என்று சொல்பவர்களும் எழுதுபவர்களும் உண்டு. பெடல் என்றால் சைக்கிளில் காலால் மிதிப்பது. பேடல் என்றால் கையில் பிடிக்கும் துடுப்பு. இரண்டும் நம் வாயில் ஒன்றாவதற்கு மலாய் மொழியும் ஒரு காரணமாக இருக்கலாம். மலாயில் சைக்கிள் மிதிப்பதும் ‘காயுஹ்’தான், படகைத் துடுப்பால் தள்ளுவதும் ‘காயுஹ்’தான். காலால் மிதித்து ஓட்டும் நீர்ப் படகுகள் ஏரிப் பூங்காக்களில் தனியாக இருப்பதால், வாடகைக்குக் கேட்கும்போது இந்தக் குழப்பம் வேண்டாம்.

ஆங்கிலத்தில் ‘பேடல்’ முதலில் குறித்தது சிறு மண்வாரியை. கலப்பையில் ஒட்டிய மண்ணைச் சுரண்ட அது பயன்பட்டது. படகுத் துடுப்பு என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. தமிழில் ‘துடுப்பு’ படகுக்கும் உண்டு, சோற்றுப் பானையைக் கிண்டும் மர அகப்பைக்கும் உண்டு. பொருள் இவ்வளவு நெருங்கி வருவதால் பேடலுக்குத் துடுப்பு என்பதில் தயக்கமே தேவையில்லை. தண்டு என்பது வேறு. அது படகின் விளிம்பில் பொருத்தி, பெரும்பாலும் செல்லும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வலிப்பது. துடுப்பை எதிலும் பொருத்துவதில்லை. கையில் பிடித்து, போகும் திசையைப் பார்த்தபடி தள்ளுகிறோம்.

‘துடுப்பாட்டம்’ என்று பெயர் வைக்கலாமே என்றால், முடியாது. இலங்கைத் தமிழில் துடுப்பாட்டம் கிரிக்கெட். மட்டைக்கே அங்கே துடுப்பு என்றுதான் பெயர். இன்னொரு சிக்கல், பலகையின் அடியில் நேராகச் செல்வதற்காகப் பொருத்தும் ‘ஃபின்’. மீனின் ஃபின்னையும் பாடநூல்கள் துடுப்பு என்கின்றன. ஒரே பலகையில் இரண்டு துடுப்பு இருந்தால் சொல்லிக் கொடுப்பவர் பாடு திண்டாட்டம். கையில் இருப்பது துடுப்பு, அடியில் இருப்பது செட்டை என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

இனி முக்கியமான கேள்வி: இது அலைச்சறுக்குப் பலகையா, படகா? ஹவாய் மொழியில் இதற்கு ‘ஹோயே ஹெஎ நாலு’ என்று பெயர். ஹோயே துடுப்பு, ஹெஎ நாலு அலைச்சறுக்கு. வைகிகிக் கடற்கரையில் அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்தவர்கள், மாணவர்களைக் கண்காணிக்க வசதியாகப் பலகை மேல் நின்று, கேனோ என்னும் ஒடுங்கிய படகின் துடுப்பால் தள்ளிச் சென்ற பழக்கத்திலிருந்து இது வளர்ந்தது. 2000க்குப் பிறகு லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற அலைச்சறுக்கு வீரர்களால் உலகெங்கும் பரவியது. அதனால் ஒலிம்பிக் நிலையில் இதை நிர்வகிப்பது யார் என்று அனைத்துலக அலைச்சறுக்குச் சங்கமும் அனைத்துலகக் கேனோக் கூட்டமைப்பும் மோதிக்கொண்டன. 2020இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அலைச்சறுக்குச் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 2008இலேயே அமெரிக்கக் கடலோரக் காவல்படை, அலை சறுக்கும் பகுதிக்கு வெளியே இது ஒரு கலம் என்றும், உயிர்க்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்றும் முடிவு செய்துவிட்டது.

ஆற்றில் இறங்குகிறவருக்குக் காவல்படையின் முடிவுதான் பொருந்தும். ஆற்றில் பொதுவாகச் சறுக்க அலை கிடையாது. நீரோட்டம்தான் உண்டு. ஆகவே ‘சறுக்கு’ என்ற சொல் சேர்ந்த எந்தப் பெயரும் இங்கே தவறான பழக்கங்களையும் கூடவே கொண்டு வருகிறது. அவற்றில் மிக ஆபத்தானது, பலகையோடு ஆளைச் சேர்த்துக் கணுக்காலில் கட்டும் கயிறு. கடலில் அது உயிர் காக்கும். ஓடும் ஆற்றில் அந்தக் கயிறு மூழ்கிய கிளையில் சிக்கினால், நீரோட்டம் பலகையை ஒரு பக்கமும் ஆளை மறு பக்கமும் இழுக்கும். அந்த விசைக்கு எதிராகக் குனிந்து கணுக்காலை எட்ட முடியாது. இப்படி உயிர் போயிருக்கிறது. ஆற்றுக்கு வேண்டியது, அங்கிக்கு மேல் இடுப்பில் அணிந்து ஒரே இழுப்பில் கழன்றுவிடும் இடுப்புக்கயிறு. இறங்குவதற்கு முன் இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்துக் கழற்றிப் பாருங்கள்.

எந்த ஆறு? சுங்கை சிப்புட் வட்டாரத்தில் லாசா பக்கம் மலையிலிருந்து இறங்கும் புலூஸ் ஆறு மழைக்குப் பிறகு புதியவர்களுக்கு ஏற்றதல்ல. கோலகங்சார் பக்கம் அகன்று ஓடும் பேராக் ஆறு பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் அதற்கு மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என நான்கு அணைகள் வரிசையாக இருக்கின்றன. நம் தலைக்கு மேல் ஒரு துளி மழை இல்லாதபோதும் அணையிலிருந்து விடும் நீரால் மட்டம் உயரலாம். நீர் கலங்கி, குச்சியும் இலையும் திடீரென அதிகமாக மிதந்து வந்தால் உடனே கரை ஏறுங்கள். இறங்கும் முன் ஓர் இலையை எறிந்து, கரையில் சாதாரணமாக நடந்து அதைத் தொடருங்கள். உங்கள் நடையை இலை முந்தினால் அன்று வேண்டாம். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் எந்த நாளும் வேண்டாம். காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது. நம் ஊரில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காலில் ஆறாத புண் இருந்தால், எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலை நினைத்து இன்னொரு நாள் வாருங்கள்.

புதியவருக்குக் காற்றடைத்த பலகை போதும்: நீளம் 10 முதல் 11 அடி, அகலம் 32 முதல் 34 அங்குலம், தடிப்பு 6 அங்குலம். காற்றடைக்கும் முன் வால்வின் நடு ஊசி மேலே எழும்பி நிற்கிறதா என்று பாருங்கள். அது அமுங்கியிருந்தால் குழாயைக் கழற்றிய நொடியில் அடித்த காற்றெல்லாம் போய்விடும். அழுத்தம் 12 முதல் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரை வேண்டும். பலகையில் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்டக்கூடாது. தொடக்கத்தில் அளவுமானியின் முள் அசையாது, பிறகு கை வலிக்கத் தொடங்கும். பலர் அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அரைகுறைக் காற்றில் பலகை நடுவில் தொய்ந்து ஆடும், ஆளோ தனக்குச் சமநிலை வராது என்று நினைத்துக்கொள்வார். காற்றடைத்த பலகையைக் கரையில் வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். உள்ளே காற்று சூடாகி அழுத்தம் ஏறும், ஒட்டு பிரிந்துவிடும். நிழலில் வையுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.

துடுப்பின் நீளம் உங்கள் உயரத்தைவிட 20 முதல் 25 செ.மீ. கூடுதல். 165 செ.மீ. உயரமானவருக்கு 185 முதல் 190. அலகு துடுப்பின் கோலோடு நேராக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு பலகையின் முன்முனையை நோக்கி இருக்க வேண்டும். அகப்பை பழக்கத்தில், நீரை அள்ளுவதுபோல் திருப்பிப் பிடிக்கத்தான் கை போகும். அப்படிப் பிடித்தால் அலகு நீரைப் பின்னால் தள்ளாமல் மேலே தூக்கும், பலகையும் இழுபடும். செட்டையின் கூர்முனை பலகையின் பின்முனையை நோக்கிச் சாய வேண்டும். ஆழம் குறைந்த ஆற்றுக்கு 4 அங்குலம் போன்ற குட்டைச் செட்டையே சரி. நீளமானது மணல்திட்டில் தட்டிப் பலகை சட்டென நிற்கும், நீங்கள் மட்டும் முன்னால் போவீர்கள்.

செட்டை தரையில் படாத ஆழத்தில் பலகையை வைத்து, நடுக் கைப்பிடிக்கு இரு பக்கமும் முழங்கால் ஊன்றுங்கள். முதல் பத்து நிமிடம் முழங்காலிலேயே துடுப்பிடுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். பிறகு துடுப்பைக் குறுக்கே பலகை மேல் அழுத்திக்கொண்டு, முழங்கால் இருந்த இடத்துக்கே ஒவ்வொரு பாதமாகக் கொண்டுவந்து எழுங்கள். பாதங்கள் தோள் அகலத்தில், விரல்கள் முன்நோக்கி, முழங்கால் சற்று மடங்கி இருக்கட்டும். பார்வை எதிர்க்கரை மரத்தில் இருக்கட்டும். காலைப் பார்த்தால் தலை முன்னே சாயும், உடம்பும் கூடவே போகும். எழுந்தவுடன் துடுப்பிடத் தொடங்குங்கள். நீரில் ஊன்றிய அலகு ஒரு பிடிமானம், சும்மா நிற்பதுதான் கடினம்.

அலகு முழுவதும் மூழ்கும்படி முன்னால் ஊன்றி, கணுக்கால் வரை இழுத்து, வெளியே எடுங்கள். அதற்கு மேல் பின்னால் இழுத்தால் பலகை திரும்புமே தவிர முன்னேறாது. ஒரு பக்கம் நான்கைந்து முறை, பிறகு மறு பக்கம். பக்கம் மாறும்போது மேல் கையும் கீழ்க் கையும் மாற வேண்டும். எப்போதும் முதலில் ஓட்டத்துக்கு எதிராகப் போங்கள். களைத்தபின் ஆறு உங்களைப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டு வரும்.

கரையோர மூங்கில் புதரும் சாய்ந்த மரமும் நிழலுக்கு ஒதுங்கும் இடமல்ல. நீர் கிளைகளின் ஊடே போய்விடும், ஆள் அங்கே சிக்கிக்கொள்வார். தூரத்திலேயே விலகுங்கள். விழுவது உறுதி என்றால் பக்கவாட்டில் தட்டையாக விழுங்கள், தலைகீழாகப் பாயாதீர்கள். ஓட்டம் இழுத்தால் எழுந்து நிற்க முயலக்கூடாது, பாதம் கல்லிடுக்கில் மாட்டும். மல்லாந்து, கால்களை மேலே தூக்கி, ஓட்டத்தின் திசையில் நீட்டியபடி கரையை நோக்கி நீந்துங்கள். பலகை கையருகே இருந்தால் நடுக் கைப்பிடியைப் பிடித்து, கால்களை உதைத்து, வயிற்றால் ஏறுங்கள். துடுப்பைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.