ஷென் என்றால் சிறுநீரகமா?

"சிறுநீரகம் பலவீனமானால் முடி கொட்டும், காது மந்தமாகும், காரணமில்லாமல் பயம் வரும்." சீன வைத்தியம் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இந்த வரியை விடுவதாக இல்லை. இதைப் படிக்கிறவர் நேராக லேபுக்குப் போய், சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பார், அது சரியாகவே இருக்கும், அப்புறம் வைத்தியம் பொய் என்பார், இல்லாவிட்டால் லேப் பொய் என்பார். மொழிபெயர்த்தவரை மட்டும் யாரும் திட்ட மாட்டார்கள்.

சீனச் சொல் 'ஷென்'. அந்த எழுத்தின் கீழ்ப்பாதி உடல் தசையைக் குறிக்கிறது, மேல்பாதி ஒலிக்காக வந்தது. மூத்திரம் அதில் எங்கும் இல்லை. சீன வைத்தியத்தின் மூலநூலான, சுமார் 2000 ஆண்டுப் பழைய ஹுவாங்தி நெய்ஜிங், பெண்ணுக்கு 7 வயதில் ஷென்னின் ஆற்றல் பெருகிப் பால்பல் விழுந்து முளைக்கிறது, 14-இல் பூப்பு, 49-இல் மாதவிலக்கு நிற்கிறது என்று கணக்குச் சொல்கிறது. ஆணுக்கு இதே கணக்கு 8, 16, 64. எலும்பு, மஜ்ஜை, தலைமயிர், காது, அச்சம், மன உறுதி எல்லாம் ஷென்னின் பொறுப்பு. இழுத்த மூச்சை உள்ளே பிடித்து வைப்பதும் அதுதான், அதனால் சிலவகை இளைப்புக்கு ஷென்னைப் பார்த்தே மருந்து கொடுப்பார்கள். உடம்பின் நீரைக் கவனிப்பது இத்தனை வேலைகளில் ஒன்று.

தமிழ்ச் சொல்லோ பெயரிலேயே சிறுநீரை வைத்திருக்கிறது. வேலையைச் சொல்லிப் பெயர் வைத்தாயிற்று, இனி அதற்கு வேறு வேலை கொடுத்தால் வாக்கியம் உளறலாகிவிடும். ஆங்கிலத்தில் பலர் முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டு, இது சீன வைத்தியத்தின் உறுப்பு என்று காட்டிவிடுகிறார்கள். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது.

சரி, 'ஷென்' என்றே எழுதலாமே என்றால், மனம், ஆவி என்ற பொருளில் இன்னொரு ஷென் அதே வைத்தியத்தில் இருக்கிறது, அது இதயத்தில் குடியிருப்பது. சீனத்தில் எழுத்தும் தொனியும் வேறு, தமிழில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

சீன வைத்தியம் உறுப்புகளை மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து மூலகங்களில் அடக்குகிறது. அதை வைத்து ஷென்னை 'நீர் மூலகம்' என்கிறவர்களை என்னால் ஏற்கவே முடியவில்லை. நீரில் ஷென்னோடு சிறுநீர்ப்பையும் சேர்ந்துதான் இருக்கிறது, எதைச் சொல்கிறீர்கள்? இதே கூட்டம்தான் சீனர்களின் மரத்தை ஆகாயமாகவும் உலோகத்தைக் காற்றாகவும் மாற்றி, நம் பஞ்சபூதத்தை அதன் மேல் ஒட்டிவைத்தது. நீர் மரத்தை வளர்க்கும், கல்லீரல் மரத்தைச் சேர்ந்தது, அதனால் ஷென் கல்லீரலுக்குத் தாய் என்பது சீனக் கணக்கு. நீர் ஆகாயத்தை எப்படி வளர்க்கும்? யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன். 'உயிர்வேர்' மாதிரி அழகான ஆக்கமும் வேண்டாம், சீனர்கள் சொன்னது இடுப்புக்குள் இருக்கும் ஓர் உறுப்பைத்தான். இடுப்பு ஷென்னின் வீடு என்று நெய்ஜிங்கே சொல்கிறது.

என் கட்சி குண்டிக்காய், சிறுநீரகத்துக்கு நம் பழைய பெயர். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். தமிழ் பைபிளில் லேவியராகமம் பலி ஆட்டின் 'இரண்டு குண்டிக்காய்களை' எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்கிறது. 16-ஆம் சங்கீதத்தில் அதே உறுப்பின் எபிரேயப் பெயர் மனச்சாட்சி போன்ற பொருளில் வரும்போது, அங்கே 'உள்ளிந்திரியங்கள்' என்று போட்டார்கள். இடம் பார்த்து யோசித்திருக்கிறார்கள். குண்டிக்காய் உறுப்பு இருக்கும் பக்கத்தைச் சொல்கிறதே தவிர வேலையைச் சொல்வதில்லை, அதனால் "குண்டிக்காய் எலும்பைக் காக்கும்" என்றால் நம்பலாம், நம்பாமலும் போகலாம், ஆனால் வாக்கியம் புரியும். சோதனைச்சாலை பார்க்கும் உறுப்புக்குச் சிறுநீரகம் அப்படியே இருக்கட்டும்.

ஷென் சேர்த்து வைக்கும் உயிர்ச்சாரமான 'ஜிங்'கை விந்து என்று எழுதுவதையும் இதோடு நிறுத்தினால் நல்லது. 14 வயதில் பூப்பெய்தும் அந்தப் பெண்ணுக்கும் அதே ஜிங்தான், அவளுக்கு என்ன எழுதுவார்கள்?