‘வயசாகிவிட்டது’ என்று யார் பார்த்துச் சொன்னார்கள்?

போன வாரம் மறுபடியும் ஒருவர் வந்தார். இங்கிலாந்தில் குரல் சிகிச்சையாளராக நான் வேலை செய்யும் கிளினிக்குக்கு இப்படி வருகிறவர்கள் குறைவதே இல்லை. இவர் அறுபதைத் தாண்டியவர். பகலில் எலக்ட்ரீஷியன். வெள்ளி, சனி இரவுகளில் பப்களில் பழைய ராக் பாட்டுகள் பாடும் குழுவின் முதன்மைப் பாடகர். குரல் கம்ம ஆரம்பித்தது கிறிஸ்துமஸ் சமயத்தில். எங்களிடம் வந்தது கோடையில். “இத்தனை மாதம் ஏன் சும்மா இருந்தீர்கள்?” என்று கேட்டேன். “ஜான் பான் ஜோவிக்கே குரல் போய்விட்டது, எனக்குப் போகாதா? வயசாகிவிட்டது, அவ்வளவுதான்” என்றார்.

மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தோம். தொண்டைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களும் நடுவில் சேர்ந்து அதிர்ந்தால்தான் குரல் வரும். “ஈ...” என்று சொல்லச் சொன்னால் வலது குரல் நாண் நடுவுக்கு வருகிறது. இடது நாண் இருந்த இடத்திலேயே நிற்கிறது. இடது நாணுக்குப் போகும் நரம்பு தொண்டையோடு நின்றுவிடுவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வருகிறது. அதனால் இடது நாண் அசையவில்லை என்றால் கழுத்தோடு சேர்த்து நெஞ்சையும் ஸ்கேன் எடுக்க வேண்டும். எடுத்தோம். நுரையீரலில் கட்டி.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த ஒரு வார்த்தை மீதுதான் கோபம். பாடகர் சொல்கிறார், மனைவி சொல்கிறார், கூட கிடார் வாசிப்பவர் சொல்கிறார், சில சமயம் மருத்துவரே சொல்லிவிடுகிறார்: வயசாகிவிட்டது. தொண்டைக்குள் யாரும் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவர் உதாரணம் காட்டிய அமெரிக்க ராக் பாடகர் பான் ஜோவியையே எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்ரலில் அவர் குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போனபோது அவருக்கு 60 வயது. மேடையில் சுருதி பிடிக்க முடியாமல் அவர் திணறிய காணொளிகள் உலகம் முழுக்கச் சுற்றின. இவருக்கு வயசாகிவிட்டது, வீட்டில் உட்காரட்டும் என்றார்கள். அதே வருடம் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு குரல் நாண்களில் ஒன்று மட்டும் மெலிந்துபோயிருந்தது, மற்றது திடமாகவே இருந்தது என்று அவரே பின்னால் விளக்கினார். இது பெரிய வித்தியாசம். வயதுக்கு இடது வலது தெரியாது; அது இரண்டு நாண்களையும்தான் மெலிய வைக்கும். ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருந்தால் அதற்குத் தனியாக ஒரு காரணத்தைத் தேட வேண்டும். காணொளியைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னவர்களில் யாருக்கு அவருடைய இடது நாணும் வலது நாணும் தெரிந்தன?

மெலிந்த நாணுக்குச் செய்யும் இந்த வகை அறுவை சிகிச்சையில், கழுத்தில் சின்னதாகக் கீறி, குரல்வளைக் குருத்தெலும்பில் துளை போட்டு, நாணை வெளியிலிருந்து நடுவுக்குத் தள்ளி நிறுத்த ஒரு பொருளை வைப்பார்கள். பெரும்பாலும் நோயாளி விழித்தே இருப்பார். “ஈ சொல்லுங்கள், பத்து வரை எண்ணுங்கள்” என்று பேசவைத்து, குரலைக் காதால் கேட்டுக்கேட்டு அந்தப் பொருளைச் சரியான இடத்தில் பொருத்துவார்கள். அதற்கப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. பான் ஜோவி அந்தக் காலத்தை 2024-ல் வந்த ஆவணப்படத் தொடரில் மறைக்காமல் காட்டினார். பாடகர்கள் வழக்கமாக ஒளித்துவைக்கிற விஷயம் இது. அதற்காகவே அவர்மீது எனக்கு மிகுந்த மரியாதை.

சரி, வயது ஒன்றுமே செய்யாதா? செய்யும். ஆண்களுக்கு நாண்கள் மெலிந்து நடுவில் வில்லாக வளையும். முழுசாக மூடாமல் காற்று கசியும், பேசும் குரல் கொஞ்சம் மெல்லிசாகும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் நேர்மாறாக, நாண் தடித்துக் குரல் இறங்கும். குருத்தெலும்பு எலும்பாக இறுகும், மூச்சின் பலம் குறையும். இதெல்லாம் வருடக்கணக்கில், மெல்ல மெல்ல நடப்பது. மார்ச்சில் நன்றாகப் பாடியவர் மே மாதம் கரகரத்தால் அது வயது இல்லை. ஒரு நிகழ்ச்சியின் நடுவில் குரல் உடைந்தால் அது வயது இல்லை. குரலோடு சேர்ந்து விழுங்கும்போது புரை ஏறினால், காது வலித்தால், உடம்பு இளைத்தால் அது வயது இல்லவே இல்லை. உண்மையிலேயே வயதுதான் காரணம் என்றாலும் அதைக் கேமராவில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்கும் சிகிச்சை இருக்கிறது. பயிற்சியிலேயே தேறியவர்களை நிறையப் பார்க்கிறேன்.

லிண்டா ரான்ஸ்டாட் விஷயத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வேதனைதான். எழுபதுகளில் அமெரிக்க ராக் உலகின் மிகப் பெரிய பெண் குரல்களில் ஒன்று. 2000 வாக்கிலேயே தன் குரலில் ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் பாடிக்கொண்டே இருந்தார். கடைசிக் கச்சேரி 2009-ல். பார்க்கின்சன் நோய் என்று அவர் வெளியே சொன்னது 2013-ல், 67 வயதில். பிறகு அது பார்க்கின்சன் போலவே தோற்றம் காட்டும் பி.எஸ்.பி. என்ற வேறு மூளை நோய் என்று தெரிந்தது. இந்த நோய்களில் கை நடுங்குவதற்கு முன்பே குரல் மாறுவது உண்டு. பாடகர்கள் தங்கள் குரலை அணு அணுவாக அறிந்தவர்கள். “ஏதோ சரியில்லை” என்று ஒரு பாடகர் சொன்னால், கேட்பவர் அதை மற்ற எந்த அறிகுறியையும் போலவே மதிக்க வேண்டும்.

நேர்மாறான ஒரு கதையும் உண்டு. அயர்ன் மெய்டன் குழுவின் புரூஸ் டிக்கின்சன் 2014 கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு சாதாரணப் பரிசோதனைக்குத்தான் மருத்துவரிடம் போனார். அதைத் தொடர்ந்து நடந்த சோதனைகளில் நாக்கின் பின்பக்கம் சின்னதாகப் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிந்தது. கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடித்து, 2016-ல் மறுபடி உலகச் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார்.

அடுத்தது சுற்றுப்பயணம். வயதைவிடப் பல சமயம் இதுதான் குரலைக் கெடுக்கிறது. பான் ஜோவியின் ‘லிவிங் ஆன் எ ப்ரேயர்’ பாட்டில் கடைசிப் பல்லவிக்குச் சுருதி ஒன்றரைக் கட்டை ஏறும். அதன் உச்சியில் குரல் நாண்கள் நொடிக்கு 600 தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய சதை அது. 24 வயதில் ஸ்டூடியோவில் பாடிய சுருதியை, அறுபதில், இரண்டு மணி நேர நிகழ்ச்சியின் கடைசியில், வாரத்துக்கு நான்கு ஊர் என்று பாடினால் என்ன ஆகும்? இடையில் விமானத்தின் வறண்ட காற்று, மேடைப் புகை, நிகழ்ச்சி முடிந்ததும் ரசிகர்களோடு சத்தமாகப் பேச்சு. நாண்களின் வீக்கம் வடிய நேரமே கிடைப்பதில்லை.

ஏரோஸ்மித் குழுவின் ஸ்டீவன் டைலரைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் விடைபெறும் சுற்றுப்பயணம் தொடங்கியது. அப்போது வயது 75. மூன்றாவது நிகழ்ச்சியிலேயே குரல் நாண் பாதிக்கப்பட்டு ரத்தம் கசிந்தது. முதலில் 30 நாள் ஓய்வு என்றார்கள். பிறகு குரல்வளையிலேயே முறிவு என்று தெரிந்தது. ஒரு வருடம் தள்ளிப்போட்டும் பழைய நிலைக்கு வர முடியவில்லை. 2024 ஆகஸ்டில் இனிச் சுற்றுப்பயணமே இல்லை என்று குழு அறிவித்தது. ஆனால் 2025 ஜூலையில் பர்மிங்காமில் ராக் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் கடைசி நிகழ்ச்சியில் அதே டைலர் மேடையேறிச் சில பாட்டுகள் பாடினார். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஒரு ராத்திரி சில பாட்டு வேறு, நாற்பது ஊர் வேறு. வயதான குரலால் பாட முடியும். அடுத்த நாளே மறுபடி பாடத்தான் முடியாது. சுற்றுப்பயணத் தேதிகளைப் போடுகிறவர்கள் இதைப் புரிந்துகொண்டாலே என் வேலையில் பாதி குறையும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லோரும் தேன், எலுமிச்சை, விஸ்கி என்கிறார்கள். நம் வீடுகளில் பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை. விழுங்கும் எதுவும் குரல் நாண் மேல் படாது. பட்டால் இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். உணவுக் குழாய் பின்னால், மூச்சுக் குழாய் முன்னால். தொண்டைக்கு இதமாக இருக்கிறதா, தாராளமாகக் குடியுங்கள், விஸ்கியைத் தவிர. மருந்து என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

அதைவிட ஆபத்தானது நிகழ்ச்சிக்கு முன் போடும் ஸ்டீராய்டு. வீக்கத்தை ஒரு ராத்திரிக்கு அடக்கும், பாடலாம். அடிபட்ட நாணை அடிபட்டது தெரியாமலே பாடவைப்பதுதான் அதில் உள்ள சிக்கல். மருத்துவர் நாணைப் பார்த்துவிட்டு எப்போதாவது ஒருமுறை கொடுப்பது வேறு. மேலாளர் பையில் மாத்திரை அட்டை இருப்பது வேறு. ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் ரத்தக் கசிவைக் கூட்டும், நிகழ்ச்சி நாளில் தலைவலிக்கு அதைப் போடாதீர்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். நான் பாடுகிறவன் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், போதும்.

பாடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று குரல் நின்றுவிட்டால், அந்தப் பாட்டை முடிக்காதீர்கள். நாணில் ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம். டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், நாணில் விழுந்த தழும்பை எடுக்க முடியாது. ஓய்வு என்றால் மௌனம். கிசுகிசுப்பது ஓய்வு இல்லை, பலருக்கு அது கூடுதல் சிரமம். ஆறு மாதம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு ஒரு வாரம் ஒத்திகை பார்த்து மேடையேறுவதும் தப்பு. மாவுக்கட்டுக்குள் இருந்த கால் மெலிவதைப் போலப் பாடாத குரலும் மெலியும். தினமும் கொஞ்சம் பாடுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி வர வர ‘ஊ’ என்று கீழிருந்து மேலே போய் வாருங்கள், காலையில் ஐந்து நிமிடம். ஸ்டேடியங்களில் பாடுகிறவர்களும் செய்கிற பயிற்சிதான்.

காதையும் பரிசோதியுங்கள். தன் குரல் தனக்குக் கேட்காதவர் கத்துவார். ஏசி/டிசி குழுவின் பிரையன் ஜான்சன் 2016-ல் சுற்றுப்பயணத்தின் நடுவில் விலகியது காதால்தான், தொண்டையால் அல்ல.

அப்புறம், சுருதியை இறக்குங்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். எல்டன் ஜானுக்கு 1987-ல் குரல் நாண் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் அவருடைய குரலே கீழே இறங்கிவிட்டது. பழைய உச்சிகளைத் துரத்தாமல், பாட்டுகளைக் கீழ்ச் சுருதிக்கு மாற்றிப் பாடினார். 2018-ல் தொடங்கிய விடைபெறும் பயணத்தில் 300-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளைப் பாடி 2023-ல் 76 வயதில் முடித்தார். ஒரு கட்டை இறக்கினால் அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியக்கூடத் தெரியாது. கிடாரிஸ்ட் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் மருத்துவரிடம் போங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு: 45 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குக் காரணம் தெரியாத கரகரப்பு நீடித்தால், புற்றுநோய்ச் சந்தேகம் என்று அவசரமாக அனுப்புவதைப் பரிசீலிக்க வேண்டும் என்பது இங்குள்ள வழிகாட்டுதல். ஜி.பி.யிடம், அதாவது உங்கள் பொது மருத்துவரிடம், அதைச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள். ஊரில் மெல்லிசைக் குழுக்களில் பாடும் அண்ணன்களும் அக்காக்களும் நேராகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகலாம். கண்ணாடியை வைத்து ஒரு பார்வை பார்த்து அனுப்பினால் விடாதீர்கள். ஸ்ட்ரோபோஸ்கோபி என்ற, நாணின் அசைவை மெதுவாகக் காட்டும் கேமராப் பரிசோதனை எங்கே இருக்கிறது என்று கேட்டு அங்கே போங்கள். அங்கே பேசிக் காட்டினால் மட்டும் போதாது. உங்கள் குரல் உடையும் அந்த ஸ்வரத்தைப் பாடிக் காட்டுங்கள்.